வராந்தாவில் சிந்திய மூச்சு

எங்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு காரியம் முடியாமல் இழுத்துக்கொண்டே போனால், "என்ன, வில்லிபுத்தூர்த் தேரா?" என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் ஆண்டாள் தேர் புறப்பட்டால் நிலைக்கு வந்துசேர மாசக்கணக்கில் ஆகும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் தேருக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எத்தனை நாளானாலும் அது நிலைக்கு வந்துவிடும். நான் சொல்லப்போகிற நிறுவனத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

எண்பத்தேழாம் வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி மூட்டை அடுக்கிவைக்கிற பழைய கிட்டங்கி ஒன்றை வெள்ளையடித்து, 'நலவியல் தொழில்நுட்பப் பல்துறை ஒருங்கிணைப்பு ஆய்வு மையம்' என்று பலகை மாட்டினார்கள். பெயர் கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டது. கடைசிக்கு 'மையம்' என்ற சொல்லை மட்டும் பக்கத்துப் பால்கோவாக் கடைச் சுவரில் எழுதவேண்டி வந்தது. வெளியூர்க்காரர்கள் மையம் எங்கே என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் பால்கோவாக் கடையைத்தான் காட்டினார்கள். அங்கே போனவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

மருத்துவம் படித்தவர்களும் இயந்திரம் படித்தவர்களும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஜனங்களின் நோய்களை ஆராய்வது என்பது ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். கெட்ட எண்ணத்தோடு யாரும் பலகை மாட்டுவதில்லை. திறப்பு விழாவில் இயக்குநர் ஸுந்தரராஜன் பேசினார்.

"இதுவரை நோயாளியை மருத்துவர் மட்டுமே பார்த்துவந்தார். அதனால் நோய்க்கு ஒரு கோணம்தான் கிடைத்தது. இனி நாங்கள் பல கோணங்களிலிருந்து பார்ப்போம். குணமாவதும் ஆகாததும் ஆண்டவன் செயல். ஆனால் பார்ப்பதில் ஒரு குறையும் இருக்காது என்று உறுதி கூறுகிறேன்."

எல்லோரும் கை தட்டினோம். அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார், நாங்கள்தான் கவனிக்கவில்லை.

அடுத்த வருஷம் மூச்சை அளக்கிற கருவி ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. கூடவே சண்டையும் இறங்கியது. மையத்தில் மருத்துவத் துறைக்கு டாக்டர் அழகியமணவாளன் தலைவர், தொழில்நுட்பத் துறைக்குப் பேராசிரியர் கண்ணபிரான் தலைவர். மூச்சு உடம்புக்குள் இருக்கிற வஸ்து, ஆகவே கருவி என்னுடையது என்றார் டாக்டர். அந்த மூச்சு வெளியே வந்து குழாய்க்குள் நுழைந்தால்தானே அளக்க முடியும், ஆகவே என்னுடையது என்றார் பேராசிரியர். வடகலை தென்கலை வழக்குகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஊருக்கே இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. கடைசியில் இயக்குநர் ஒரு சமரசம் செய்துவைத்தார். உள்ளே இழுக்கிற மூச்சு மருத்துவத் துறைக்கு, வெளியே விடுகிற மூச்சு தொழில்நுட்பத் துறைக்கு. இரண்டு தலைவர்களும் கையெழுத்துப் போட்டு, கை குலுக்கி, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கருவியையும் இரண்டாகப் பிரித்தார்கள். இழுப்பதை அளக்கிற பாதி கிட்டங்கியின் கிழக்கு மூலை அறைக்கும், விடுவதை அளக்கிற பாதி மேற்கு மூலை அறைக்கும் போயின. நடுவில் நீளமாக ஒரு வராந்தா இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் வந்து விழுந்தவர்தான் சௌந்தரபாண்டியன்.

இராஜபாளையத்தில் நாங்கள் ஒரே வளவில் குடியிருந்தோம். எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அடிகுழாய். சௌந்தரபாண்டியன் நூல் மில்லில் ப்ளோ ரூமில் வேலை பார்த்தார். பஞ்சு பேல்களை உடைத்து, அடித்து, உதறுகிற இடம் அது. வேலை முடிந்து வருகிறபோது தலை, புருவம், காதுமயிர் எல்லாம் நரைத்துப்போயிருக்கும். குளித்தால் மறுபடியும் இளந்தாரி ஆகிவிடுவார். நெஞ்சுக்குள் போனது குளித்தால் போகிற சங்கதி இல்லை. தெருமுனையிலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு மூன்று இடத்தில் நின்று வேட்டியை அவிழ்த்துக் கட்டுவார். மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக்கூடாது என்று செய்கிற வேலை அது. எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி, "என்ன அண்ணாச்சி, வேட்டி நிக்க மாட்டேங்குதோ?" என்று கேட்போம்.

அவர் சம்சாரம் வேலுத்தாய் வீட்டிலிருந்தபடியே பேண்டேஜ் துணி சுருட்டிக் கொடுப்பாள். ஊர் உலகத்தில் உள்ள புண்ணுக்கெல்லாம் கட்டுத்துணி அனுப்புகிற ஊர் இது. அவள் ஒருநாள் புருஷனை இழுத்துக்கொண்டு மில் மானேஜரிடம் போனாள். வாட்ச்மேன் வேல்சாமி ஓய்வுபெறப் போகிறார், கேட்டில் ஓர் இடம் காலியாகும், அங்கே இவரை மாற்றிவிட வேண்டும் என்பது அவள் கோரிக்கை.

மானேஜர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நல்ல மனுஷர். "ஏமய்யா பாண்டி, நீ மூச்சு வாங்குதுன்னா நான் நம்புறேன். நான் நம்பி என்ன செய்ய? மொதலாளி கேட்டா ஒரு காயிதம் காட்டணும்லா? வில்லிபுத்தூர்ல பெரிய மையம் தொறந்திருக்காக. இவருக்குத் தூசி ஆகாதுன்னு அவிய ஒரு வரி எழுதித் தரட்டும். மறுநாளே ஒன்னயக் கேட்டுல சேர் போட்டு உக்கார வைக்கேன்" என்றார்.

ஒரு வரி. கேட்டில் ஒரு சேர். அதற்கு மேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை. சாமி வரம் கொடுத்துவிட்டது, பூசாரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

கிழக்கு அறையில் டாக்டர் அழகியமணவாளன் அன்பாகத்தான் பேசினார். குழாயை வாயில் வைத்து, "நல்லா இழுங்க" என்றார். சௌந்தரபாண்டியன் முடிந்த மட்டும் இழுத்தார்.

"அப்படியே வச்சுக்குங்க. விட்டுறாதீங்க. விடுறது இந்த அறையில கூடாது. வராந்தா வழியா நேராப் போனா கண்ணபிரான் சார் ரூம். அங்க போய் விடுங்க."

மூச்சை அடக்கிக்கொண்டு ஓடத் தெரிந்தவன் எதற்காக மையத்துக்கு வரப்போகிறான்? சௌந்தரபாண்டியன் கன்னத்தை உப்பிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். பாதி வழியில் ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. அதன் பக்கத்தில் வந்ததும் இருமல் கிளம்பி எல்லாம் போய்விட்டது. மேற்கு அறைக்குப் போய் அங்கிருந்த குழாயில் ஊதினார். முள் அசையவில்லை.

"மூச்சு எங்கே?" என்றார் கண்ணபிரான்.

"வார வழியில போயிருச்சு சார்."

"வழியில விட்டா நாங்க எதை அளக்குறது? போய் மறுபடியும் இழுத்துட்டு வாங்க."

"இங்கயே ஒரு தடவ இழுத்துக்கிடட்டுமா சார்?"

"இங்கே இழுத்தா அது அவங்க துறைப் பொருள். நான் தொடக்கூடாது."

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவர் கிழக்கே இழுத்து மேற்கே கொண்டுபோய்க்கொண்டே இருந்தார். எல்லாம் பானைப் பக்கத்திலேயே சிந்திப்போயிற்று. பொறுக்கமாட்டாமல் வேலுத்தாய் கண்ணபிரானிடம் கேட்டாள்.

"சார், நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்தா ஆகாதா?"

கண்ணபிரான் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஒரே ரூம்ல உக்காந்தா அது ஒரே துறை ஆயிடும்மா. பல்துறைன்னா தள்ளித் தள்ளித்தான் உக்காரணும்."

அடுத்த வாரம் வேலுத்தாய் ஒரு யோசனையோடு போனாள். கிழக்கு அறையில் அவர் இழுத்து முடித்ததும், ஒரு கையால் மூக்கையும் இன்னொரு கையால் வாயையும் இறுக்கிப் பொத்தி, புருஷனைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் ஓடினாள். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேற்கு அறை வாசலில் முகம் கறுத்து, கண் பிதுங்கி நின்றவரின் வாயில் குழாயைச் செருகினார்கள். முள் கொஞ்சம் அசைந்தது. அன்று முழுக்க அவர் திண்டாடித்தான் போனார். பஸ்ஸில் வருகிறபோது, "ஏட்டி, நீ இன்னுங் கொஞ்சம் அமுக்கியிருந்தா கேட்டு வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மையத்திலோ ஒரே கொண்டாட்டம். கிழக்கே இழுத்த மூச்சு இவ்வளவு, மேற்கே வந்துசேர்ந்த மூச்சு இவ்வளவு, ஆகவே நடுவில் காணாமல்போனது இவ்வளவு. உலகத்தில் வேறு எந்த ஆய்வுக்கூடத்திலும் இப்படி ஒரு வித்தியாசம் கண்டுபிடிக்கப்படவில்லை. அதற்கு 'இடைவழி இழப்பு' என்று பெயர் வைத்தார்கள். டில்லியிலிருந்து நிதி வந்தது. வராந்தாவைக் குறைத்தால் என்ன என்று கேட்ட ஓர் இளம் உதவியாளருக்கு, வராந்தா இல்லாவிட்டால் இழப்பு ஏது, இழப்பு இல்லாவிட்டால் நிதி ஏது என்று எடுத்துச் சொல்லி வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நோயாளியைச் சீக்கிரம் கொண்டுசேர்க்கத் தள்ளுவண்டி ஒன்று செய்தார்கள். சக்கரம் தொழில்நுட்பம், மேலே படுத்திருப்பவர் மருத்துவம் என்பதால் யார் தள்ளுவது என்று முடிவாகவில்லை. வண்டியில் மையத்துப் பூனை குட்டி போட்டது.

வாரா வாரம் சௌந்தரபாண்டியன் லீவு போட்டுப் போய்வந்தார். மற்ற நாட்களில் ப்ளோ ரூம். வாரா வாரம் வேலுத்தாய் அந்த ஒரு வரியைக் கேட்டாள். அழகியமணவாளன் ஒருநாள் சொன்னார்.

"இழுக்கிறது சரியில்லைன்னு நான் எழுதலாம்மா. விடுறது சரியில்லைன்னு அவர் எழுதணும். இழப்பு எங்கே போச்சுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து எழுதணும். நான் தனியா எழுதினா அது பழைய காலத்து வைத்தியம் ஆயிடும்."

"உங்களுக்குத் தெரியலயா சார், அவியளுக்கு நெஞ்சு கெட்டுப்போச்சுன்னு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரியாம என்னம்மா. வாசல்ல வந்து நின்னாலே தெரியுது."

"தெரிஞ்சத எழுதித் தாங்களேன்."

"தெரியறது வேற, ஆய்வு வேற" என்றார் மெதுவாக. அவருக்கே அது பிடிக்கவில்லை என்று வேலுத்தாய் வந்து சொன்னாள். அவருக்குப் பிடிக்காததால் எங்களுக்கு என்ன ஆயிற்று?

இதற்கிடையே ஒப்பிட்டுப் பார்க்கத் தூசி படாத மனிதன் ஒருவன் வேண்டும் என்றார்கள். ஜீப் எடுத்துக்கொண்டு தேடி, பிளவக்கல் அணைப் பக்கம் மதகு பார்க்கிற கருத்தப்பாண்டியைக் கூட்டிவந்தார்கள். மலையடிவாரத்துக் காற்றையே குடித்து வளர்ந்த ஆள். கிழக்கே இழுத்த மூச்சைக் கைவீசி நடந்துபோய் மேற்கே ஊதினார், முள் வளைந்துபோயிற்று. கருவியைச் சேதப்படுத்தியதற்கு நஷ்டஈடு கேட்டு அவருக்கு ஓலை கொடுத்தார்கள். அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, பானைப் பக்கத்தில் இளைத்துக்கொண்டு நின்ற சௌந்தரபாண்டியனைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்கன நின்னு இருமி என்ன ஆகப்போகுது? எங்கூட வாங்க. மயினியையும் கூட்டியாங்க. அணைக்கட்டுல எனக்குக் குடுத்த கோட்ரசு வீடு சும்மாதான கெடக்கு. கொஞ்ச நாளு இருந்துட்டுப் போங்க."

போனார்கள். மில்லில் இருந்த லீவையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இருமல் குறைந்தது. அணைக்கரை மேல் கருத்தப்பாண்டியோடு பேசிக்கொண்டே நடந்தார், நடுவில் ஓர் இடத்திலும் வேட்டியை அவிழ்த்துக் கட்டவில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கினார். வீட்டில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குவார். படுத்தால் மூச்சு அடைக்கும். புருஷன் படுத்துத் தூங்குவதை வேலுத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "சோத்தக் கூடத் திங்கத் தோணல. அந்தத் தூக்கத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

அந்த வாரம் இரண்டு பேரும் மையத்துக்கு வரவில்லை என்று ஜீப் கிளம்பி வந்தது. இறங்கிய கண்ணபிரானுக்கு, சௌந்தரபாண்டியன் கரை மேல் நடந்து வருவதைப் பார்த்ததும் தலை சுற்றிவிட்டது.

"யாரைக் கேட்டு இடம் மாத்துனீங்க? எத்தனை மாச ஆய்வு, இப்படி நல்ல காத்துல போட்டு அத்தனையும் கெடுத்து வச்சிருக்கீங்களே."

"ஒடம்பு இப்பத் தேவல சார்" என்றாள் வேலுத்தாய்.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

ஜீப்பிலேயே இராஜபாளையத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். இனிமேல் இப்படி நடக்கக்கூடாது என்று மில்லுக்கு ஒரு கடிதமும் போட்டார்கள். ஒரு வரிக்காகக் காத்திருந்த மானேஜருக்கு மூன்று பக்கம் வந்தது. அவர் இரண்டு பேரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். பஞ்சுத் தூசியில் தொடர்ந்து வேலை செய்வதால் இவருடைய நுரையீரல் நாளுக்கு நாள் கெட்டுவருகிறது. தூசியிலிருந்து விலக்கினால் தேறிவிடுகிறது. ஆகவே ஆய்வின் தூய்மை கருதி, ஆய்வு முடியும்வரை இவரை ப்ளோ ரூமிலிருந்து மாற்ற வேண்டாம் என்று மையம் கேட்டுக்கொள்கிறது.

"நான் கேட்ட வரி இதுல இருக்கு பாண்டி" என்றார் மானேஜர். "அதுக்கு அடுத்த வரியும் சேத்து எழுதிட்டாங்களேய்யா."

"ஒங்க கையில ஒண்ணும் இல்லையா சார்?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"பெரிய மொதலாளிய மையத்துல கமிட்டி மெம்பராப் போட்டிருக்காங்கம்மா. வாசல்ல அவர் பேரைக் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. நான் எங்க போயி பேச?"

கேட்டில் வேறு ஆள் உட்கார்ந்தார். சௌந்தரபாண்டியன் ப்ளோ ரூமுக்குத் திரும்பிப் போனார். வேண்டாம் என்று வீட்டில் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் இருந்தால் யாரும் சம்பளம் தருவதில்லை. மகளைச் சோழபுரத்தில் கட்டிக்கொடுத்த கடன் வேறு மிச்சம் இருந்தது. அணைக்கட்டில் நடந்த அந்த மனுஷன், தை பிறப்பதற்குள் அடிகுழாய்க்கும் வீட்டுக்கும் நடுவில் நின்று வேட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்.

பங்குனியில் மையம் ஒரு மாநாடு போட்டது. 'இடைவழி இழப்பு: ஒரு பல்துறைப் பார்வை'. டில்லி, சென்னையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். சாப்பாடு உண்டு என்றார்கள், நானும் போனேன். முதலில் குத்துவிளக்கு ஏற்றுவதற்கே வெகுநேரம் ஆனது. நெருப்பு தொழில்நுட்பம் என்பதில் தகராறு இல்லை. நல்லெண்ணெய் உடம்புக்கு நல்லது என்பதால் எண்ணெய் மருத்துவம். திரி எந்தப் பக்கம் என்று பேசி முடிப்பதற்குள் காற்று வந்து தீக்குச்சிகளை அணைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் விளக்கை ஏற்றியதாகக் கருதி நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள்.

இயக்குநர் எழுந்தார்.

"அறிஞர்களே, மனிதன் உள்ளே இழுக்கும் மூச்சும் வெளியே விடும் மூச்சும் ஏன் ஒத்துப்போவதில்லை என்ற கேள்வியை இதற்கு முன் யாரும் எழுப்பியதில்லை. அதற்கு வேண்டிய வசதி அவர்களிடம் இல்லை. நம்மிடம் இருக்கிறது. இந்த ஆய்வுக்கு உறுதுணையாக நின்ற சௌந்தரபாண்டியன் அவர்களைப் பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறேன். பல நோயாளிகள் பாதியிலேயே குணமாகி ஆய்வாளர்களைக் கைவிட்டுவிடுகிறார்கள். இவருக்கும் அப்படி ஒரு சோதனை வந்தது. மையம் தக்க சமயத்தில் தலையிட்டுக் காப்பாற்றியது. அன்று முதல் இன்று வரை ஒருநாளும் தேறாமல் இவர் அளித்துவரும் ஒத்துழைப்பை நாடு மறக்காது."

பொன்னாடை போர்த்தினார்கள். அதன் கனத்தில் அவர் தோள் இறங்கியது. பிறகு செயல்விளக்கம். கிழக்கு அறையில் மூச்சை இழுத்துக்கொண்டு சௌந்தரபாண்டியன் வராந்தாவில் நடக்க, அறிஞர்கள் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலுத்தாயை அவரோடு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் பொன்னாடையோடு மெல்ல மெல்ல வந்தார். பானைப் பக்கம் வந்ததும் நின்றார். இடுப்பில் கை வைத்து வேட்டியைத் தேடினார். அப்படியே உட்கார்ந்தார், அப்புறம் சாய்ந்தார்.

"பாருங்கள், இதுதான் இடைவழி இழப்பு" என்றார் இயக்குநர். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

நானும் வேலுத்தாயும் ஓடினோம். எங்களுக்கு முன்னால் ஓடியவர் அழகியமணவாளன். அந்த ஒருநாள் அவர் உடன்படிக்கையை மறந்துபோனார். தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, நிக்காதீங்க" என்று கத்தினார். வராந்தா எந்தத் துறைக்கும் உரியதல்ல என்றிருக்க, அங்கே வைத்து நோயாளியைத் தொட்டது ஏன் என்று விளக்கம் கேட்டு அவருக்கு மறுநாளே ஓலை வந்ததாகக் கேள்வி.

ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். பிளவக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு போவோம் என்று கருத்தப்பாண்டி வண்டியோடு வந்து நின்றார். அந்த உடம்பு வண்டிக் குலுக்கலைத் தாங்காது என்று எல்லோருக்கும் தெரிந்தது. சித்திரை பிறந்த வாரம் ஒரு மத்தியானம் சௌந்தரபாண்டியன் போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் விசேஷத்தன்று வளவு நிறைய ஆட்கள். மில் மானேஜரும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். பந்தி நடந்துகொண்டிருந்தபோது மையத்து ஜீப் வந்தது. இயக்குநரும் இரண்டு தலைவர்களும் இறங்கினார்கள். வேலுத்தாய் உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் போய் நின்றார்கள்.

"ஆய்வு நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்றார் இயக்குநர். "இனிமே அவரை வேற வேலைக்கு மாத்துறதுல மையத்துக்கு ஆட்சேபணை இல்லைன்னு மில்லுக்குச் சொல்லிட்டோம்."

மானேஜர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கருத்தப்பாண்டி சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து நின்றார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணபிரான் பேனாவைத் திறந்தார். "ஒரே ஒரு விவரம்தான் பாக்கி. சங்கடமாத்தான் இருக்கு, கேக்காம முடிக்க முடியல. கடைசி மூச்சு, இழுத்ததா விட்டதா? இழுத்ததுன்னா மருத்துவத் துறை முடிச்சு வைக்கணும். விட்டதுன்னா நாங்க."

அழகியமணவாளன் தலையைக் குனிந்துகொண்டே நின்றார்.

கோபமெல்லாம் வேலுத்தாயிடம் இல்லை. ஞாபகப்படுத்திக்கொள்கிறவள் மாதிரி பேசினாள்.

"அதெல்லாம் நான் கவனிக்கல சார். அடுப்படியில சோறு வடிச்சிக்கிட்டிருந்தேன். 'ஏட்டி'ன்னு கூப்பிட்டாக. அம்புட்டுத் தெளிவாக் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு. 'இந்தா வாரேன்'னு சொல்லிட்டு, பானைய நிமுத்தி வச்சிட்டுத்தான் போனேன். செத்த நேரந்தான் சார். போயி 'என்ன'ன்னு கேக்கேன், ஒண்ணுஞ் சொல்லல."

வேலுத்தாய் நிமிர்ந்து மூவரையும் பார்த்தாள்.

"தண்ணி வேணும்னு கூப்பிட்டாகளா, வேற என்னமுஞ் சொல்லணும்னு கூப்பிட்டாகளா, தெரியல. நெனச்சு நெனச்சுப் பாக்கேன், எனக்குப் பிடிபடல. இழுத்தது விட்டது எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கிடுங்க சார். நீங்க எம்புட்டோ படிச்சவுக, பெரிய மிசினெல்லாம் வச்சிருக்கீக. என்னத்துக்குக் கூப்பிட்டாகன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்களேன்."

திறந்த பேனாவோடு நின்ற கண்ணபிரானையே வேலுத்தாய் பார்த்துக்கொண்டு, உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தாள்.